ஆறு ஏக்கரும் ஆறு குடித்தனமும்

ஓய்வு பெறும் வயது வந்துவிட்டால் புருஷர்களுக்கு இரண்டு ஆசைகள் பிறக்கின்றன. ஒன்று, காசிக்குப் போக வேண்டும். மற்றொன்று, கிராமத்தில் நிலம் வாங்கிப் பசுமாடு வளர்க்க வேண்டும். காசி ஆசை பத்து நாளில் நிறைவேறிவிடும். ஊர் திரும்பியதும் அடங்கியும் விடும். நில ஆசை அப்படியல்ல. அது பிராவிடண்ட் பண்டுப் பணத்தின் மேல் கண் வைத்துக்கொண்டே பிறக்கிற ஆசை! ஆகையால், சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அது தலைகாட்டியிருந்தால் எங்கள் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் உழைத்தவர். திருவொற்றியூரில் ரயில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதே ரயிலில், அதே பெட்டியில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து போனவர்கள் ஆறு பேர். டர்னர் ஒருவர், எலெக்ட்ரீஷியன் ஒருவர், ஸ்டோர்ஸ் ஒருவர், இப்படி. அண்ணன் தம்பிகள் கூட இத்தனை வருஷம் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு இருப்பார்களோ, என்னவோ!

இந்த ரயில் கோஷ்டிதான் ஒரு நாள் திட்டத்தைத் தீட்டியது. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஆறு ஏக்கர் நிலம். நடுவில் ஒரு கிணறு. சுற்றிலும் ஆறு வீடு. வெயிலிலிருந்து மின்சாரம், சாணத்திலிருந்து அடுப்புக்கு எரிவாயு, சொந்த நெல், சொந்தக் காய்கறி, இரண்டு பசு. "கரண்ட் பில்லுக்கும் ஒரு கும்பிடு, மளிகைக் கடைக்கும் ஒரு கும்பிடு!" என்றார் என் வீட்டுக்காரர். கேட்க இனிமையாகத்தான் இருந்தது.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த ஆறு பேரில் ஸ்டோர்ஸ்காரர் இரண்டு வருஷத்துக்கு முன்பு காலமாகிவிட்டார். ஆனாலும் மற்ற ஐந்து பேரும் அவருடைய பங்கை விட்டுவிடவில்லை. "அண்ணிக்கு ஒரு வீடு கட்டாயம் உண்டு" என்று சொல்லிவிட்டார்கள். நல்ல மனசுதான். ஆனால் பத்திரத்தில் யார் பெயர், கூட்டத்தில் யார் வாக்கு என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நாங்கள் ஆறு பெண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பன்னிரண்டு பேர் என்றே வைத்துக்கொள்வோம். தலைக்கு மாதம் பத்துக் கிலோ அரிசி என்றால் வருஷத்துக்கு 1,440 கிலோ. நெல்லாக்கினால் எழுபத்தைந்து கிலோ மூட்டையில் ஏறக்குறைய முப்பது. நல்ல தண்ணீர் இருந்தால் ஒன்று, ஒன்றரை ஏக்கரில் ஒரு போகத்திலேயே இதை எடுத்துவிடலாம். ஆக, சோற்றுக்கு நிலம் போதும். ஆனால் நாற்று நடுவது யார்? களை பறிப்பது யார்? விடியற்காலம் நாலு மணிக்கு மாட்டுத் தொழுவத்தில் நிற்பது யார்? உப்பு, தீப்பெட்டி, மூக்குக் கண்ணாடி, இரத்தக் கொதிப்பு மாத்திரை இவையெல்லாம் எந்தப் பாத்தியில் முளைக்கும்? இந்தக் கேள்விகளைப் போட்டதும் ரயில் கோஷ்டி ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டது!

கேலி செய்வது சுலபம். ஆனால் இம்மாதிரிக் காரியம் நடக்கவே நடக்காது என்று சொல்லிவிட முடியாது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒரு ஊர் இருக்கிறதே!

பூந்தமல்லி தாண்டி, திருமழிசை தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது குத்தம்பாக்கம். ஒரு காலத்தில் கள்ளச் சாராயத்துக்கும் ஜாதிச் சண்டைக்கும் பெயர் போன ஊர். அந்த ஊர்ச் சேரியில் பிறந்து ரசாயனப் பொறியியல் படித்து உத்தியோகம் பார்த்து வந்த ரங்கசாமி இளங்கோ, வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். 1996-ல் பஞ்சாயத்துத் தலைவரானார். 2001-ல் மறுபடியும் ஜயித்தார். பக்கத்துத் தொழிற்சாலைகளில் வீணாய்க் கிடந்த கருங்கல் துண்டுகளைக் கொண்டு சாக்கடை கட்டினார். விதிமுறைப்படி இல்லை என்று அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் உண்ணாவிரதம் இருந்தார். பதவியும் திரும்பக் கிடைத்தது.

1997-ல் அரசாங்கம் தொடங்கிய சமத்துவபுரம் திட்டம் அந்த ஊருக்கும் வந்தது. ஐம்பது இரட்டை வீடுகள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பம், அந்தப் பக்கம் மற்ற ஜாதியில் ஒரு குடும்பம். வெளியூர்க் காண்டிராக்டரைத் தேடாமல், மண்ணை அழுத்திச் செய்த கற்களைக் கொண்டு ஊராரே உழைத்துக் கட்டினார்கள். சுவரைப் பகிர்ந்துகொண்ட பிறகு சண்டையை எத்தனை நாள் வளர்க்க முடியும்? பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் இந்த வீட்டுக்குக் கேட்குமே!

அவருடைய யோசனையில் என் மனத்தைத் தொட்டது வேறு ஒன்று. கிராமத்தில் நெல் விளைகிறது. அதை வெளியூருக்கு விற்றுவிட்டு, அரிசியை வெளியூரிலிருந்து வாங்குகிறோம். நிலக்கடலையை விற்றுவிட்டு எண்ணெயை வாங்குகிறோம். பணம் ஊருக்குள் நுழைந்த வேகத்திலேயே வெளியேறிவிடுகிறது. இதைத் தடுக்க ஒரு ஊர் மட்டும் தனியாய் நின்று எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. பதினைந்து இருபது ஊர்கள் சேர்ந்து, ஒருவர் செய்வதை மற்றவர் வாங்கிக்கொண்டால் போதும் என்பது அவர் கொள்கை. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் வழி இது. அவர் நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றிச் சிறையில் இருந்தபடியே ஒரு நூலை எழுதி, 1945-ல் உலகுக்கு அளித்தவர்.

மின்சார விஷயத்திலும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்து 2006-ல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலையை நிறுவியது. கம்பியை அறுத்துக்கொண்டு தனியாகப் போகவில்லை. அதே கம்பி வழியாக மின்வாரியத்துக்கே விற்று வருமானம் பார்த்தது!

"சரி, ஒரே பண்ணையில் பல குடும்பம் சேர்ந்து வாழ்ந்ததே கிடையாதா?" என்று எலெக்ட்ரீஷியன் அண்ணா கேட்டார். உண்டு. அதிலும் நம் தமிழர்களே வாழ்ந்திருக்கிறார்கள். 1910-ல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இருபத்தோரு மைல் தூரத்தில், நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் காந்திஜி டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றவர்களின் குடும்பங்கள் பசியில்லாமல் இருப்பதற்காக ஏற்பட்ட இடம் அது. தமிழர், குஜராத்தியர், ஆந்திரர், வட இந்தியர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்ஸி என்று எல்லாரும் இருந்தார்கள். சமையல் ஒன்றே, பந்தியும் ஒன்றே. சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். பொதுப் பாத்திரங்களை முறை வைத்துத் துலக்க வேண்டும். வேலைக்காரர் கிடையாது. சொந்தக் காரியமாகப் பட்டணம் போகிறவர் நடந்தே போக வேண்டும்!

இதைக் கேட்டதும் எங்கள் பெண்கள் கட்சிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "தட்டுக் கழுவுகிற சட்டத்தை முதலில் எழுதுங்கள், பசுமாட்டை அப்புறம் வாங்கலாம்" என்றேன். பாருங்கள், 'சுயதேவைப் பூர்த்தி' என்று புருஷர்கள் சொல்லும்போதெல்லாம் அதில் பாதிக்கு மேல் நம் இடுப்பொடிகிற வேலையாகவே இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றுவது யார் என்று கேட்காமல் வண்டியில் ஏறக் கூடாது.

இன்னொன்று தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருந்த பூமி. பட்டணத்துக்கும் தொழிற்சாலைக்கும் வயலுக்குமாக ஓயாமல் இறைத்ததில் நிலத்தடி நீர் இறங்கி, கடல் நீர் பல கிலோமீட்டர் தூரம் உள்ளே புகுந்துவிட்டது. நிலத்துக்கு வேலி போடலாம். நிலத்துக்கு அடியில் ஓடும் நீருக்கு வேலி போட முடியுமா? பக்கத்துக்காரர் ஆழ்குழாய் இறக்கினால் நம் கிணறு வற்றும். ஆக, ஊரோடு பேசாமல் ஆறு ஏக்கரில் தனி ராஜ்யம் நடத்துவது நடக்காத காரியம்.

கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே தேர்வாய் கண்டிகை என்ற ஊர் உண்டு. அங்கே ஊரார் தலைமுறை தலைமுறையாக ஆடு மாடு மேய்த்து வந்த சுமார் 1,100 ஏக்கர் மேய்க்கால் நிலம் தொழிற்பேட்டைக்கு ஒதுக்கப்பட்டபோது, 2009-ஐ ஒட்டிய வருஷங்களில் அவர்கள் போராடினார்கள். தொழிற்பேட்டை வந்தே விட்டது. தொழிற்சாலை கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் அடுப்பு எரிந்ததே ஒரு புகைக்கூண்டின் தயவில்தான். ஆனாலும், நாம் 'கூட்டு நிலம்' என்று புதிதாகக் கனவு காண்கிறோமே, ஏழை ஜனங்களிடம் அது ஏற்கெனவே இருந்தது என்பதை மறக்கலாமா?

கடைசியில் வந்தது பத்திர விஷயம். ஸ்டோர்ஸ் அக்கா அதுவரை வாயே திறக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "எல்லாரும் எனக்கு வீடு கொடுக்கிறீங்க. நாளைக்கு என் பிள்ளை பங்கைப் பிரிச்சு வித்துடச் சொன்னா நான் எங்கே போறது? என் பேரிலேயும் வாக்கு உண்டா, இல்லே அவர் ஞாபகத்துக்காக ஒரு திண்ணை மட்டுமா?"

யாரும் பதில் பேசவில்லை. என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

1968-ல் தொடங்கிய ஆரோவில்லில் நிலமும் வீடும் தனி ஆளுக்குச் சொந்தமல்ல. வசிக்கலாம், விற்க முடியாது. பொது நிலத்தைக் காப்பாற்ற அது ஒரு வழி. ஆனால் ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைப் போடுகிறவருக்கு, பாதியில் வெளியேற நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்வியும் உண்டு. இரண்டையும் யோசித்து எங்கள் வரைக்கும் இப்படி முடிவு செய்தோம்: ஒவ்வொரு பங்கும் புருஷன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். ஸ்டோர்ஸ் அக்காவின் பங்கு அவர் பெயரில் மட்டும். பங்குக்கு ஒரு வாக்கு அல்ல, ஆளுக்கு ஒரு வாக்கு. யாராவது விலகினால் மற்றவர்களே முதலில் வாங்க வேண்டும். தவணையும் வழிமுறையும் வக்கீலிடம் எழுதி வாங்கிய பிறகுதான் முன்பணம்.

அதற்கும் முன்னால் ஒரு வருஷப் பரீட்சை. ஊருக்கு ஒட்டினாற்போல் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். ஒரு ஓட்டு வீடும் இருக்கிறது. இரண்டு இரண்டு குடும்பமாக முறை வைத்துப் போய்த் தங்குகிறோம். நாற்று நட ஊர்ப் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுக்கிறோம். பாலுக்குச் சொந்த மாடு வேண்டாம், பக்கத்து வீட்டில் வாங்கலாம் என்று முதல் மாதமே தீர்மானமாகிவிட்டது. கணக்கு நோட்டு யார் கையில் தெரியுமா? ஸ்டோர்ஸ் அக்கா கையில்! ஒரு பிடி உளுந்துகூட அவருக்குத் தெரியாமல் நகர முடியாது.

வருஷ முடிவில் நிலம் வாங்குவோமா, மாட்டோமா, இன்னும் தெரியாது. உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் வேண்டாம் என்று உடனே வாயை அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து, பத்திரம் யார் பெயரில், தட்டைக் கழுவுவது யார், பக்கத்து ஊர் நம்மை என்ன நினைக்கும் - இந்த நாலு கேள்வியையும் கேளுங்கள். பதில் வந்தால் நீங்களும் சந்தோஷமாக மண்வெட்டியை எடுத்துக்கொள்ளலாம். பதில் வராவிட்டால், இருக்கவே இருக்கிறது காசி!