ஒரு சொல்லும் இரண்டு முகாம்களும்

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கே விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தபின் பல வருடங்கள் அதில் கார், பைக் பந்தயம் நடந்தது. போருக்காகப் போட்டது விளையாட்டுக்குப் பயன்பட்டதில் சந்தோஷம்தான். ஆனால் அதே சாலையில், தெற்கே புழல் காவாங்கரையிலும் வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் வேறொரு போர் விட்டுப்போனது இன்னும் அப்படியே இருக்கிறது. இலங்கைத் தமிழர் முகாம்கள்!

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்கா "பயங்கரவாதத்திற்கு எதிரான போர்" என்று அறிவித்தது. ஆப்கானிஸ்தானில் மட்டும் அது இருபது வருடம் நீடித்தது. 2021 ஆகஸ்டில் அமெரிக்கப் படை காபூலை விட்டுக் கிளம்பியபோது, யாரை விரட்டப் போனார்களோ அதே தாலிபான் மறுபடியும் ஆட்சியில்! பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப்படி, ஆப்கானிஸ்தான், ஈராக், சிரியா உள்ளிட்ட இந்தப் போர்களில் நேரடியாக இறந்தவர்கள் 9 லட்சத்துக்கும் மேல். அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆயுதம் தூக்காத சாதாரண மக்கள்.

எங்கேயோ நடந்த சண்டை, நமக்கென்ன என்கிறீர்களா? அந்தச் சொல் கடல் தாண்டி நம் பக்கத்துக்கும் வந்தது. 2006ல் இலங்கையில் மீண்டும் போர் வெடித்தபோது, அந்த அரசும் அதைப் பயங்கரவாதத்திற்கு எதிரான போர் என்றே உலகத்திடம் சொன்னது. இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் ஏற்கெனவே புலிகளைத் தடை செய்திருந்தன.

புலிகள் அப்பாவிகள் என்று யாரும் வாதாட வேண்டாம். தற்கொலைக் குண்டுகள், சிறுவர்களைப் படையில் சேர்த்தது, 1991ல் ஸ்ரீபெரும்புதூர்... எதையும் மறைக்க முடியாது. கடைசி மாதங்களில் தப்பி ஓடிய தமிழர்களையே அவர்கள் சுட்டார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011ல் எழுதியது. அதே அறிக்கைதான், பொதுமக்களில் பெரும்பாலோர் இறந்தது அரசுப் படையின் ஷெல் வீச்சில் என்றும், 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும் சொல்கிறது. அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள்ளும் குண்டு விழுந்தது. அந்தப் போருக்கு அரசு வைத்த பெயர் என்ன தெரியுமா? மனிதாபிமான நடவடிக்கை!

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது என்றார்கள். முடிந்ததா? 1983லிருந்து அலை அலையாகப் படகேறி வந்தவர்களில் சுமார் 58 ஆயிரம் பேர் 2021லும் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தார்கள். ஆண்களில் நிறையப் பேருக்கு பெயிண்ட் அடிக்கும் வேலை. பிள்ளைகள் நம்மோடுதான் படிக்கிறார்கள். நம் பாடப்புத்தகம், நம் சினிமா, நம் கிரிக்கெட்.

ஆனால் இந்தியச் சட்டப்படி, 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர் குடிமகனாக வேண்டுமென்றால் அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். முகாமில் இருக்கும் அப்பா அம்மா இருவரும் இலங்கையர் என்றால்? பிள்ளை பிறந்தது கும்மிடிப்பூண்டியாக இருந்தாலும் அந்நியர்தான்! 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் வாங்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2022ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தேதி சரியாக இருந்ததால் தப்பித்தார். ஒன்றிரண்டு வருடம் பிந்திப் பிறந்திருந்தால்?

2021ல் தமிழக அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. நல்ல மாற்றம். பயங்கரவாதம் என்ற ஒரு சொல் இத்தனை பேரை வீடில்லாமல் ஆக்க முடிந்ததென்றால், குடிமகன் என்ற ஒரு சொல் அவர்களுக்கு வீடு தர முடியாதா நண்பர்களே?