பண்பொழிக்கால் எங்கே தொடங்குகிறது?

பண்பொழி வயல்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ஊரில் அனுமன் பேரைத்தான் முதலில் சொல்வார்கள். இராமனின் தாகம் தீர அனுமன் பாறையைத் தட்டி வரவழைத்த ஆறு, அதனால் அனுமன் நதி என்பது கதை. கதையை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் பாறையில் புறப்பட்ட தண்ணீர் வயலுக்கு எப்படி வந்தது என்று அறிய ஆசைப்பட்டேன்.

மேற்கே போனால் மேக்கரை. தென்மேற்குப் பருவமழையை வாங்கிக்கொள்ளும் காடு. அதன் அடிவாரத்தில் அடவிநயினார் கோவில் அணை, உயரம் 132 அடி. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் இதுவும் பெருகும். கார் சாகுபடிக்கு மடை திறக்கும்போது வரும் அரசு அறிவிப்பை எடுத்துப் பாருங்கள்: மேட்டுக்கால், கரிசல்கால், பண்பொழிக்கால், இலத்தூர்கால், நயினாரகரம்கால், சாம்பவர்வடகரைக்கால் என்று வாய்க்கால்களின் பெயர்கள் வரிசையாக வரும். என் தேடல் அந்த வரிசையில் நின்றுவிட்டது. அணை நேற்று வந்தது. கால்கள் அதற்கு வெகுகாலம் முந்தியவை. ஆற்றை மறித்து, கால் வெட்டி, குளம் நிரப்பி, மறுகால் பாய்வதை அடுத்த குளத்துக்குக் கொடுத்த ஏற்பாடு அது.

கால்கரையில் மண்வெட்டியோடு நின்ற ஒரு நீர்ப்பாய்ச்சியிடம், “அண்ணாச்சி, இந்தத் தண்ணி எங்கேருந்து தொடங்குது?” என்று கேட்டேன்.

“ஆத்துல தண்ணி வந்தா போதுமாய்யா? காலு திறந்து கெடக்கணும்லா. வெட்டுன எடத்துலேருந்துதான் தொடங்குது.”

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வரத்துக்காலைத் தூர்வார ஊரார் ஆளுக்கு இத்தனை உழைப்பு என்று கொடுத்ததே குடிமராமத்து. 1858-இல் சென்னை மாகாணத்தில் இந்த வழக்கம் சட்டத்தில் ஏறியது. வேலைக்கு வராதவர் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு கட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஊரின் கடமை சர்க்காரின் கட்டாயமாகவும் ஆயிற்று. பராமரிப்பு அரசுத் துறையின் கைக்குப் போகப் போக, காலில் கோரை மண்டினால் மனுப் போடுவதே வழக்கமாகிவிட்டது. 2017-இல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு குடிமராமத்தை மீண்டும் தொடங்கி, விவசாயிகள் பங்கு பத்து சதவீதம் என்றது. எண்ணம் நல்லது. ஆனால் ஒரு தடவை இயந்திரம் இறக்கித் தோண்டுவதும், ஆண்டுதோறும் சாரலுக்கு முன்னால் ஊர்கூடி வெட்டுவதும் ஒன்றாகா.

அனுமன் நதி வீரகேரளம்புதூரில் சிற்றாற்றில் கலக்கிறது. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர்கிறது. அந்தப் படுகையில் மணிமுத்தாற்றின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தன்னார்வலர்களோடு குளங்குளமாக நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு ஊர்க்காரர்களே போய்ப் பார்ப்பதால், எந்தக் குளம் நலிகிறது என்பது அவர்களுக்கு நேரடியாகத் தெரிகிறது. கால்களுக்கும் இப்படி ஒரு கணக்கு வேண்டும்.

ஆற்றை மீட்க வனத்துறை, நீர்வளத்துறை, பேரூராட்சி என்று எல்லாரும் கூடட்டும். கூட்டத்தை மட்டும் அணையில் வைக்காமல் சாம்பவர்வடகரையின் கடைமடையில் வைக்க வேண்டும். அங்கிருந்து காலோடு மேற்கே நடந்துவந்தால், தண்ணீர் எந்தெந்த இடத்தில் நின்றுபோகிறது என்று ஒவ்வொரு மடையிலும் அந்த ஊர் விவசாயியே காட்டிக்கொடுப்பார்.