ஏறுவதற்கு முன்னால்

ஆனித் திருவிழா சமயத்தில் திருநெல்வேலி டவுன் பொருட்காட்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் ராட்டினத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரு நிமிஷம் கீழேயும் பார்க்கலாம். கம்பித் தடுப்பை ஒட்டி நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோளில் பை, ஒரு கையில் நாலு பேருடைய செருப்பு, மறு கையில் பிள்ளை பாதி தின்று கொடுத்த டெல்லி அப்பளம். "நீங்க ஏறலையா?" என்று கேட்டால் "எனக்குப் பயம்" என்பார்கள். சிலருக்கு உண்மையாகவே பயம். மற்றவர்களுக்கு, அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று தெரியும். சேலை விலகும், இன்னொரு டிக்கெட்டுக்குக் காசு வேண்டும், கைக்குழந்தையை யார் வைத்துக்கொள்வது? எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் மூடிவிடுகிறது.

அந்தச் சொல் நமக்குப் பழைய சொத்து. அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்கிறது. பின்னால் வந்தவர்கள் பயிர்ப்பையும் சேர்த்து நாலாக்கினார்கள். ஆணுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது.

என் மகளுக்கு எட்டு வயது, அண்ணன் மகனுக்கு ஒன்பது. ராட்டினம் என்றாலே இரண்டு பேருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் வீட்டில் இரண்டு பயத்துக்கும் ஒரே மரியாதை இல்லை. அவள் மாட்டேன் என்றால், "பொம்பளப் பிள்ளதான, விடு." அவன் மாட்டேன் என்றால், "ஏல, ஆம்பளப் பிள்ள இப்படியா பயப்படுவ?" அவளை யாரும் இரண்டாம் தடவை கூப்பிடுவதில்லை. அவனைக் கூப்பிடுவதை யாரும் நிறுத்துவதில்லை. (இதே ஊரில் காந்திமதி அம்மனுக்கு ஐப்பசித் திருக்கல்யாணம் முடிந்ததும் 96 தூண் கொண்ட ஊஞ்சல் மண்டபத்தில் மூன்று நாள் ஊஞ்சல் விழா நடக்கிறது. வயசுக்கு வந்த பெண் வீசி ஆடினால்தான் நம் ஆச்சிமாருக்குப் பொறுக்காது.)

பரீட்சை லீவில் மதுரைப் பக்கம் பரவையில் இருக்கிற 'அதிசயம்' பூங்காவுக்குக் குடும்பத்தோடு போவதாகப் பேச்சு வந்ததும் இரண்டு பிள்ளைகளும் வாடிப்போனார்கள். எனக்குக் குறுக்குத்துறைதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் எனக்குத் தாமிரபரணி என்றால் நடுக்கம். ஆச்சி என்னைத் தூக்கித் தண்ணீரில் போடவில்லை. முதல் நாள் படியில் உட்கார்ந்து காலை நனைத்தோம். மறுநாள் முழங்கால் வரை. எந்தப் படியில் பாசி வழுக்கும், எங்கே இழுப்பு இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். இடுப்பளவுக்கு இறங்க எனக்குப் பத்து நாளுக்கு மேல் ஆனது. அதற்காக அவள் முகம் சுளித்ததில்லை.

அதையே செய்தோம். பொருட்காட்சிக்கு மூன்று நாள் போனோம். முதல் நாள் ஒன்றிலும் ஏறவில்லை, வேடிக்கை மட்டும். கொலம்பஸ் கப்பல் எதிரே மணலில் உட்கார்ந்து, ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் என்று எண்ணினோம். பிள்ளைகளைப் பயமுறுத்துவதில் பாதி, அது எப்போது முடியும் என்று தெரியாததுதான். பிறகு வயிறு ஏன் மேலே ஏறுகிறது என்று சொன்னேன். கப்பல் இறங்கும்போது பலகையும் நம்மோடு சேர்ந்து விழுவதால், அது நம்மைத் தாங்குவது குறைந்துவிடுகிறது. உள்ளே இருப்பதெல்லாம் எடையற்றதுபோல மிதக்கிறது. சுற்றுகிற ராட்டினத்தில் வேறு கதை. காதுக்குள் இருக்கிற திரவம்தான் உடம்பு சுற்றுவதைச் சொல்கிறது. நாம் நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். இறங்கியும் தலை சுற்றுவது அதனால்தான்.

"அப்போ எனக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டான் பையன். அந்தக் கேள்விக்காகவே மூன்று நாள் போகலாம்.

கொலம்பஸில் இரண்டு முனையும்தான் அதிக உயரம் போகும். நடு வரிசை அவ்வளவு ஏறாது. இதை அவர்களே கவனித்துக் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் நாள் குடை ராட்டினம், மூன்றாம் நாள் கொலம்பஸில் நடு வரிசை. மகள் ஏறினாள். அவன் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றான். சரி என்றேன்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லியிருந்தேன். ஏறுவதற்கு முன்னால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாட்டேன் என்று சொல்லலாம். வரிசையில் நின்ற பிறகும், டிக்கெட் வாங்கிய பிறகும், கம்பியைப் பூட்டும் நொடி வரைக்கும். ஓட ஆரம்பித்த பிறகு நிறுத்துவது நம் கையில் இல்லை. "சும்மா ஏறு, பயமா இருந்தா நிப்பாட்டிருவாங்க" என்று பொய் சொல்லிப் பிள்ளையை ஏற்றுவதைப் போலக் கெட்ட காரியம் வேறில்லை. மாட்டேன் என்றால் மாட்டேன்தான் என்பதை ஒரு பெண் பிள்ளை எங்கேதான் பழகுவாள்? பள்ளிக்கூடத்திலா, கல்யாண வீட்டில் கன்னத்தைக் கிள்ளுகிறவர்களிடமா? நல்லதும் கெட்டதும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் இடத்தில் பழகட்டும்.

பரவையில் தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடுப்பு மாற்ற மதினிக்குக் கூச்சம். "நான் பார்த்துக்கிட்டு இருக்கேன், நீங்க போங்க" என்றாள். பிள்ளைகளிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன்: முதலில் காலை மட்டும் நனையுங்கள் மதினி. மத்தியானத்துக்குள் அவள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அண்ணன்மேல் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மகள் குட்டிச் சறுக்கில் பதினோரு தடவை இறங்கினாள், எண்ணினேன். பெரிய சறுக்கின் படியில் பாதி ஏறியவள், நின்று கீழே எட்டிப் பார்த்தாள். "அம்மா, வேண்டாம்" என்று திரும்பினாள். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வழி விட்டார்கள். அவளுக்குப் பின்னாலேயே அண்ணன் மகனும் இறங்கி வந்தான்.

கீழே நின்ற அண்ணன், "ஏல, நீயுமா?" என்று ஆரம்பித்தான்.

"அவனும் யோசிச்சுத்தான் இறங்குதான் மாமா" என்றாள் மகள்.

அண்ணனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிள்ளைகள் அதற்குள் குட்டிச் சறுக்குப் பக்கம் ஓடிவிட்டார்கள்.