2.8 மில்லிமீட்டர் தகராறு

அயனாவரத்தில் அந்த மொட்டைமாடி அறைக்கு ஏறும்போதே சண்டை காதில் விழும். ஒருவர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஷெல் டிவிஷனில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ-யாக, அதாவது தண்டவாளத்துக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டராக இருந்தவர். இருவருக்கும் எழுபது நெருங்குகிறது. இப்போது மாடல் ரயிலுக்கு ஒருவர் பெட்டி கட்டுகிறார், மற்றவர் ரோடு போடுகிறார். ரயில்வேக்காரர்களுக்குத் தண்டவாளம் என்றால் ரோடுதான். அந்தப் பெட்டி இந்த ரோட்டில் ஓடியாக வேண்டும். தகராறு 2.8 மில்லிமீட்டரில்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாடல் ரயில் கட்டுபவர்களில் பெரும்பாலோர் உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும் அளவு ஹெச்.ஓ, அசலில் 87-இல் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மி.மீ பாதைக்கு அது சரியாக வரும். நம் அகலப்பாதையோ 1676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.3. ஆக, அளவு பிசகாமல் கட்டிய நம்மூர்ப் பெட்டியைக் கடைத் தண்டவாளத்தில் நிறுத்தினால், உடம்பு சரியாக இருக்கும், கால் மட்டும் ஒடுங்கியிருக்கும். இங்கே பலர் அதைச் சகித்துக்கொள்கிறார்கள். அண்ணனும் (ஃபிட்டரை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்) சகித்துக்கொள்கிற கட்சி.

“சக்கரத்தை யாரு தம்பி குனிஞ்சு பாக்கப்போறா? ஜனங்க பெட்டியத்தான் பாப்பாங்க.”

“முப்பத்தஞ்சு வருஷம் குனிஞ்சு பாத்தவன் ஒருத்தன் இங்க உக்காந்திருக்கேன்யா ஃபிட்டரு” என்பார் பி.டபிள்யூ.ஐ.

வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, எனக்குப் பையன் வயதில் இருந்த ரயில் ஆசை திரும்ப வந்தது. வெளிநாட்டு செட் ஒன்றை வாங்கி வட்டமாக ஓடவிட்டேன். நான்காவது சுற்றில் அலுத்துவிட்டது. நம்ம ஊர் வண்டியைக் கையால் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு நண்பர் இங்கே கூட்டிவந்தார். அதிலிருந்து ஞாயிறு காலைகள் இங்கேதான் கழிகின்றன.

அண்ணனுக்கு முதல் ரயில் மூர் மார்க்கெட்டில் கிடைத்தது. சாவி கொடுத்தால் ஓடும் தகர இன்ஜின், இரண்டு பெட்டி, யாரோ வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளை விளையாடித் தள்ளியது. அப்பா பேரம் பேசி வாங்கித் தந்தாராம். சென்ட்ரலை ஒட்டியிருந்த அந்த மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. தகர ரயில் அதற்கு வெகு முன்பே துருப்பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டது. அப்ரன்டிஸாக ஐ.சி.எஃப்-இல் நுழைந்தபின் அவர் ரயில் பொம்மையைத் திரும்பிப் பார்க்கவில்லை. “நாள் முழுக்க இரும்பு. வீட்டுக்கு வந்தும் இரும்பா?”

திரும்பிப் பார்க்க வைத்தது 2018. அந்த ஜனவரியில்தான் ஐ.சி.எஃப் வடிவப் பெட்டியின் கடைசி உருப்படி தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. 1955 அக்டோபர் 2-இல் நேரு திறந்துவைத்த தொழிற்சாலை, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனியோடு சேர்ந்து கற்றுக்கொண்ட வடிவம் அது. அறுபது வருடத்துக்கு மேல் அதையே கட்டினார்கள். நீலமோ செங்காவியோ, ஜன்னலில் குறுக்குக் கம்பி வைத்து நாம் மதுரைக்கும் நெல்லைக்கும் போன பெட்டிகளெல்லாம் அந்த வடிவம்தான். இப்போது எல்.ஹெச்.பி என்ற புது வடிவம். அது நீளம், வேகம், மேல். அண்ணனே அதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒரு பெட்டிக்கு ரயில்வே வைத்திருக்கும் ஆயுள் 25 வருடம். ஓடிக்கொண்டிருப்பவை ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டப்படும். “நான் செஞ்சது ஒண்ணுகூட மிஞ்சாது. அதான் ஒண்ணு செஞ்சு வச்சுக்கலாம்னு.” ஒன்று என்று ஆரம்பித்தது ஆறு பெட்டியில் நிற்கிறது.

அவர் ஒன்று சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. ஐ.சி.எஃப்-இல் ஆயிரக்கணக்கான பெட்டிகள் அவர் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒரு பெட்டியைக்கூட அவர் முழுசாகச் செய்ததில்லை. சைடு வால் பொருத்தும் இடத்தில் இருந்தார். கூரை வேறு ஆட்கள், அண்டர்ஃபிரேம் வேறு ஆட்கள். இருக்கை, விளக்கு, பெயின்ட் எல்லாம் ஃபர்னிஷிங் டிவிஷன்; சாலைக்கு அந்தப் பக்கம் மாதிரி அது வேறு உலகம். அந்த டிவிஷனே 1962-இல்தான் வந்தது. அதற்கு முன் இங்கிருந்து போனது வெறும் ஓடு. மாடலில்தான் அவர் தரையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஒரே ஆளாகச் செய்கிறார். தன் பெட்டிக்குள் படுக்கை எப்படிப் பொருந்துகிறது என்று அளந்து பார்த்ததே ரிட்டயர் ஆனபிறகுதானாம், எழும்பூரில் நின்ற ஒரு வண்டியில் டேப்போடு ஏறி. டிக்கெட் பரிசோதகர் ஏன் அளக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். “நான் செஞ்ச பெட்டி சார், சரியா இருக்கான்னு பாக்குறேன்” என்றாராம்.

பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர். ஹெச்.ஓ-வில் 245 மில்லிமீட்டர். அரை மி.மீ பிளாஸ்டிக் தகட்டில் பக்கச் சுவரை வரைந்து, ஒவ்வொரு ஜன்னலுக்கும் நான்கு மூலையில் துளை போட்டு, பிளேடால் இணைத்து, ஊசி அரத்தால் தேய்க்கிறார். ஜன்னல் மூலை வளைந்திருக்க வேண்டும். கூராக விட்டால் சரக்குப் பெட்டி மாதிரி ஆகிவிடுமாம். அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. தலையில் மாட்டும் லென்ஸ் இருந்தாலும் விரல் நடுங்குகிறது. அதற்கு வைத்தியம் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அலுமினிய ஆங்கிளை அறுத்து ஒரு ஜிக் செய்திருக்கிறார். தகட்டை அதில் செருகி முடுக்கிவிட்டால் பிளேடு போகிற வழி ஒன்றுதான். ஜன்னல் கம்பிக்கு ஒரு ஜிக், கூரைக்கு ஒரு ஜிக். “கை நடுங்கும் தம்பி. ஜிக் நடுங்காது.” ஆறு பெட்டியையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன், ஜன்னல் வரிசை ஒரே நூலில் நிற்கிறது. மாடல் கட்டுவதற்குப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, இங்கே வேலை செய்வது பொறுமையைவிட நாற்பது வருட ஷாப் ஃப்ளோர் புத்திதான் என்று படுகிறது.

கூரைக்கு ஒயரிங் பி.வி.சி பைப். நீளவாக்கில் பிளந்து, வெந்நீரில் நனைத்து, மர அச்சில் கட்டி வைத்தால் ஆறும்போது வளைவு நின்றுவிடும். அசல் பெட்டியில் தரை, சுவர், கூரை மூன்றும் சேர்ந்தே பாரம் தாங்கும், மாடலிலும் அப்படித்தான். தனித்தனியாகத் துவளும் மூன்று துண்டையும் ஒட்டி முடித்ததும் பெட்டி விறைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அண்ணன் அதன் இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பார்ப்பார். முறுக்காது. சிரிப்பார்.

போகி, அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டம், மட்டும் அண்ணனின் பேத்தி வேலை. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ரெசின் பிரின்டரில் அச்சடித்து, ஆல்கஹாலில் கழுவி, தட்டில் வைத்து வெயிலில் காயப்போடுகிறாள். அதை இறுக்க புற ஊதா விளக்குப் பெட்டி விற்கிறார்கள். சென்னை வெயில் போதும், காசு மிச்சம் என்கிறாள். வடாம் தட்டு பக்கத்தில் வைக்கக் கூடாது என்று பாட்டியின் உத்தரவு.

இனி ரோடு. பி.டபிள்யூ.ஐ கடைத் தண்டவாளத்தைத் தொடமாட்டார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செப்பு பூசிய சர்க்யூட் போர்டு வாங்கி, ஸ்லீப்பர் ஸ்லீப்பராக அறுக்கிறார். அசல் கான்கிரீட் ஸ்லீப்பர் 2.75 மீட்டர், இங்கே 31.6 மி.மீ. ஒரு ஸ்லீப்பருக்கும் அடுத்ததற்கும் நடுவே 7 மி.மீ-க்குக் கொஞ்சம் குறைவு. வெளிநாட்டிலிருந்து தருவித்த வெறும் ரயில், அதாவது தண்டவாளக் கம்பி, 1.9 மி.மீ உயரம். அதை ஸ்லீப்பர் மேல் வைத்து, சால்டரிங் அயர்னின் நுனியைப் பக்கவாட்டில் தொட்டு எடுக்கிறார். ஈயம் ரயிலுக்கு அடியில் ஓடி மின்னும். ஒரு நொடி அதிகம் வைத்தால் செப்பு போர்டை விட்டு உரிந்துவிடும். ஒவ்வொரு ஸ்லீப்பரின் நடுவிலும் முக்கோண அரத்தால் செப்பைக் கீறி விடுகிறார்; இல்லாவிட்டால் இரண்டு ரயிலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டதாகி ஷார்ட் ஆகிவிடும். பிறகு மீட்டரை வைத்துப் பார்க்கிறார். பிறகு சட்டைப் பையிலிருந்து அது வருகிறது: பித்தளைத் தகட்டில் தானே அறுத்த, கட்டைவிரல் அகலமுள்ள கேஜ். பாதையில் கேஜ்-கம்-லெவல் என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடப்பார்களே, அதன் குட்டி. மூன்று ஸ்லீப்பருக்கு ஒருமுறை வைத்துப் பார்க்கிறார். உதடு முணுமுணுக்கிறது. அந்தக் காலத்தில் அளவைச் சொல்லிக்கொண்டே போவாராம், பின்னால் ஒருவர் எழுதிக்கொண்டே வருவாராம். இன்று எழுதிக்கொள்ள நான்.

ஜல்லி எம்-சாண்ட். டீ வடிகட்டியில் சலித்தது. நான் ஆற்றுமணல் போடலாமே என்றேன். “அது உருண்டு தேஞ்ச கல்லு சார். பாதைக்கு உடைச்ச கல்லுதான். முனை ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கணும்.” எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் எது எதைக் கோத்துக்கொண்டு தாங்கப்போகிறது என்று நான் கேட்கவில்லை. தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் இறக்குகிறார். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை மணல் மேல் முத்தாக நின்று, ஜல்லியை இழுத்துக்கொண்டு உருளும்.

இவ்வளவு கறாரானவருக்கும் ஒரு இடத்தில் இடித்தது. வளைவு. அகலப்பாதையில் அனுமதிக்கிற மிகக் கடுமையான வளைவு 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். ஹெச்.ஓ-வில் அது 2 மீட்டர். வண்டி சுற்றித் திரும்ப வேண்டுமென்றால் 4 மீட்டர் அகல அறை வேண்டும். அயனாவரத்தில் யாரிடம் இருக்கிறது? மாடல் ரயில் விற்கும் ஹார்ன்பி கம்பெனியின் முதல் வளைவு 371 மி.மீ ஆரம், அதில் அண்ணன் பெட்டியை வைத்தால் நடு வயிறு கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கும். அண்ணன் அதற்கும் தயார், ஓடினால் சரி. அவர் புனேயில் 1998 முதல் நடக்கும் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். வண்டிகள் வளைந்து நெளிந்து சுற்றுவது அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

பி.டபிள்யூ.ஐ-யின் முடிவு வேறு: வளைவே வேண்டாம். 14 அடி அறையில் 12 அடிப் பலகை, நேர் ரோடு, ஒரு சின்ன ஸ்டேஷன், ஒரு லூப், தடம் மாற்ற இரண்டு பாயின்ட். 24 பெட்டி வண்டி இன்ஜின் இல்லாமலே 6 மீட்டரைத் தாண்டும் என்பதால் நான்கு பெட்டி பாசஞ்சர். வரும், நிற்கும், எட்டடி போகும், முடிந்தது.

“எட்டடிக்கு எட்டு மாசமா ரோடு போடுறாரு” என்று அண்ணன் என்னிடம் குறைப்பட்டார்.

“எட்டு மாசத்துல எட்டடி போட்டாலும் அது கேஜ்ல இருக்கு” என்று பதில் வந்தது.

சத்தியமாகச் சொன்னால் நான் பி.டபிள்யூ.ஐ கட்சி. வட்டத்தில் ஓடும் வண்டிக்குப் போக ஊர் கிடையாது. எட்டடி என்றாலும் இது ஒரு ஸ்டேஷனுக்கு வருகிறது. சிக்னல் விழுந்தபிறகுதான் கிளம்புகிறது.

போன ஞாயிறு சோதனை ஓட்டம். பேத்தி 19.3-க்கு அகலமாக போகி அடித்துக் கொடுத்திருந்தாள். ஆறில் ஒரு பெட்டிக்கு மட்டும் சக்கரம் மாற்ற அண்ணன் சம்மதித்திருந்தார். பி.டபிள்யூ.ஐ ரயில் தலையை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தார். கன்ட்ரோலரைத் திருகியதும் இன்ஜின் நகர்ந்தது, பெட்டி பின்னால் வந்தது. முதல் பாயின்ட்டில் பின் போகி ஒரு துள்ளு துள்ளி மறுபடி உட்கார்ந்தது. தடம் புரளவில்லை.

பி.டபிள்யூ.ஐ நிறுத்தச் சொன்னார். பெட்டியைத் தூக்கி, சக்கரங்களின் உள் இடைவெளியை வெர்னியரில் அளந்தார். ஒரு பக்கம் கொஞ்சம் டைட். பாக்கெட் நோட்டைப் பிரித்து ஒரு தாளைக் கிழித்து எழுதி நீட்டினார். காஷன் ஆர்டர்: பாயின்ட்டின் மேல் இந்தப் பெட்டிக்கு வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர், மறு உத்தரவு வரும்வரை.

அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். “என் பெட்டிக்கு ஏன் சார் போடுறீங்க? அந்த கிராசிங்ல ஒரு மேடு இருக்கு, விரலுக்கே தட்டுது. உங்க ரோட்டுக்குப் போடுங்க.”

“விரல வச்சு ரோடு பாக்குற ஆள நான் இப்பத்தான்யா பாக்குறேன்.”

பேத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எனக்கு அடுத்த வாரத்துக்குள் இருநூறு ஸ்லீப்பர் அறுத்துக் கொண்டுவர வேண்டும், 31.6 மி.மீ, பிசகினால் திருப்பி அனுப்புவாராம்.