எச்சரிக்கை எந்த மொழியில்?

ஓர் அரசாங்கத்தின் தலையாய பணி எதுவென்று கேட்டால் பொருளியல் அறிஞர் ஒரு விடை சொல்வார். அரசியல்வாதி வேறொன்று சொல்வார். முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்த எனக்குத் தோன்றும் விடை எளியது. சொல்லவேண்டியதைக் குடிமக்களுக்கு விளங்கும் மொழியில், உரிய வேளையில் சொல்லிவிடுவதே அது.

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1956 இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. நாட்டின் எப்பகுதியில் வாழ்பவரும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றலாம் என்பதை 1988 இன் 16 ஆவது திருத்தம் உறுதிசெய்தது. 2007 ஜூலை முதல் சேவையில் சேரும் உத்தியோகத்தர் ஐந்தாண்டுகளுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. காகிதத்தில் குறையேதுமில்லை.

நடைமுறையை ஆசிரியபீடத்திலிருந்து பார்த்தவன் நான். மாலை மங்கும் வேளையில் ஏதேனும் ஓர் அமைச்சிலிருந்து தொலைநகலில் அறிக்கை வரும்; தனிச் சிங்களத்தில். சிங்களம் அறிந்த சக ஊழியர் ஒருவர் அதைத் தமிழாக்க, மறுநாட் காலையில் வாசகர் படிப்பார். அரசு செய்யவேண்டிய மொழிபெயர்ப்பைத் தமிழ்ப் பத்திரிகைகள் சம்பளமின்றிச் செய்துவந்தன. விலைவாசி அறிவித்தலுக்கு ஓர் இரவு தாமதம் பெரிதல்ல. மலை சரியும்போது அந்த ஓர் இரவு கிடைப்பதில்லை.

2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயல் இதை உணர்த்திற்று. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு பேரழிவை ஏற்படுத்தியது. அவை தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் செறிந்து வாழும் மலைச்சரிவுகள். எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. தமிழில் வந்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று கணக்கிட எவராலும் இயலாது. ஆனால் அக்கேள்வி எழுந்ததே ஓர் அரசுக்குத் தலைகுனிவு.

2022 இல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமற்போன நாட்டில் மொழிபெயர்ப்பாளரை நியமிக்கப் பணமேது என்று கேட்பர். மண்சரிவு எச்சரிக்கையின் வாசகங்கள் பெரும்பாலும் ஒன்றே. மாறுவன இடத்தின் பெயரும் அபாயத்தின் படிநிலையுமே. அவற்றை முன்கூட்டியே இரு மொழியிலும் எழுதி வைத்துக்கொள்ளப் பெருஞ்செலவு ஆகாது. தமிழ் வாசகம் ஆயத்தமாகும்வரை சிங்கள வாசகமும் வெளியேறலாகாது என்ற விதி தேவையில்லை; இரண்டும் ஒரே விசையில் வெளியேறும் ஏற்பாடே தேவை.

வருங்காலச் சவால் இதனினும் பெரிது. அரசசேவை கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. கச்சேரியில் தமிழ் தெரியாத எழுதுவினைஞர் இருந்தால், பக்கத்து மேசைக்காரரை அழைத்தேனும் கருமத்தை முடித்துக்கொள்ளலாம். திரைக்குப் பக்கத்து மேசை கிடையாது. அதில் தமிழ் இல்லையென்றால் இல்லைதான். புதிய சேவைகள் வடிவமைக்கப்படும் இக்காலத்திலேயே தமிழுக்குரிய இடத்தை வைத்துவிட வேண்டும். கட்டி முடித்த வீட்டில் வாசல் வெட்டுவதன் சிரமத்தை, 1987 இலிருந்து நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?