கொம்பு இடம் சேர்ந்த கதை

ஊரில் தந்தையார் வைத்திருந்த பொத்தான் கைப்பேசியில் தமிழ் இருந்தது. 2011-இல் சகோதரர் இருவரும் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலோ அவருடைய குறுஞ்செய்திகள் வெறும் கட்டங்களாக வந்தன. எதற்கும் "சரி அப்பா" என்று ஆங்கில எழுத்திலேயே பதிலளித்து வந்தோம்.

உத்தரவாதம் போனாலும் போகட்டுமென்று ஒன்றை ரூட் செய்து, எழுத்துருக் கோப்புறையில் தமிழ் எழுத்துருவை இட்டோம். கட்டங்கள் மறைந்தன. முதலில் திறந்த பழைய செய்தியில், தங்கையின் குழந்தைக்கு நல்ல 'பயெர்' ஒன்று சொல்லுமாறு தந்தையார் கேட்டிருந்தார். பெயர்! அதற்கும் "சரி அப்பா" என்றிருக்கிறோம், பெயர்சூட்டலும் முடிந்துவிட்டிருந்தது.

ஒருங்குறியில் பகரம் முதலிலும் கொம்பு பின்னரும் பதிவாகின்றன. திரையில் கொம்பை முன்னே கொணர எழுத்துரு மட்டும் போதாது. எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளும் வேண்டும் என்று அன்றுதான் அறிந்தோம். அஃது அடங்கிய மாற்று ரோமை நிறுவுகையில் ஒரு கைப்பேசி பாதியில் மின்கலம் தீர்ந்து செங்கல்லாயிற்று. மற்றொன்றில், விடியும் வேளையில், கொம்பு தன் இடம் சேர்ந்தது.

இன்றைய கைப்பேசிகள் தமிழோடுதான் வருகின்றன. அந்தக் கட்டங்களைப் பற்றித் தந்தையாரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.