ரெண்டாவது கியர்

என் டிரைவரின் சம்பளத்தில் 3,000 ரூபாய் பிடித்துக்கொண்டேன். கிளச் பிளேட் தேய்ந்ததற்கு அவர் கால்தான் காரணம் என்று கணக்கு நோட்டில் எழுதியும் வைத்தேன். அந்த வரி பொய். வண்டியைக் கெடுத்தவன் நான்.

வண்டி டாடா 207. 2003 மாடல், டி.என். 16 பதிவு. 2011இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். பெருமுக்கல் திண்டிவனம்–மரக்காணம் சாலையில் இருப்பதால் இரண்டு பக்கமும் லோடு கிடைக்கும். மாசி பங்குனியில் தர்பூசணி, மற்ற நாளில் மல்லாட்டை மூட்டை, சவுக்குக் கழி, நடுநடுவே மரக்காணத்து உப்பு. உப்பு ஏற்றிய வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நாங்கள் எப்போதோ ஒருமுறை கழுவினோம். இந்த உப்பு பின்னால் மறுபடி வரும்.

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற ஆள் ஊருக்கு ஒருவர் இருப்பார் அல்லவா, எங்கள் ஊரில் அது நான். மலையைப் பார்க்க வருகிறவர்கள் கோட்டையைப் பற்றிக் கேட்டால், 1760இல் அயர் கூட் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தது, அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்துவிட்டது என்று ஆண்டோடு சொல்வேன். அதற்கு மேல் ஒரு கேள்வி வந்தால் பேச்சை மாற்றிவிடுவேன். வண்டி விஷயத்திலும் என் படிப்பு அந்த ஆழம்தான்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே போனது. ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தேன். டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டு, கைப்பம்பை அமுக்கி அமுக்கி, நுரை நின்று வெறும் டீசல் வருகிறவரை ஏர் எடுத்தேன். ஃபீலர் கேஜ் வாங்கி டேப்பட் வைத்தேன். காலையில் செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது; கரும்புகை குறைந்தது; மெக்கானிக் கூலி மிச்சம். அக்கம்பக்கத்தார் டிராக்டருக்கு யோசனை கேட்க வந்தார்கள். ஒரு ஆளைக் கெடுக்க இவ்வளவு போதும்.

கியர் பாக்ஸை மட்டும் ஐந்து வருஷம் தொடவே இல்லை. எஞ்சின் ஆயில் கருத்துப்போய் நம்மை மிரட்டும். குச்சியை உருவினால் அளவு தெரியும். கியர் பாக்ஸுக்கு அப்படிக் குச்சி கிடையாது. உள்ளே எதுவும் எரிவதில்லை, அதனால் ஆயில் கெடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பற்கள் உராய்ந்து உதிர்கிற தூள் அதே ஆயிலில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் மூச்சுவிடும் துளை வழியாக ஈரமும் இறங்கும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் புத்தகத்தில் அச்சாகியிருந்தது. புத்தகம் என்னிடம்தான் இருந்தது.

2016 ஐப்பசியில் லோடு இல்லாத ஒரு வாரம். சும்மா இருக்க முடியாமல் கியர் பாக்ஸில் கை வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, செங்கல்லை அண்டக் கொடுத்து அடியில் நுழைந்தேன். செங்கல்லை நம்பி வண்டிக்கு அடியில் படுத்தவன் உயிரோடு எழுந்து வந்ததே பெரிய விஷயம். அதை விடுங்கள். முதலில் டிரெயின் பிளக்கைக் கழற்றினேன். கறுப்பு ஆயில் கொட்டி முடிந்தது. பிளக்கில் குழைத்த விபூதி மாதிரி சாம்பல் பசை. தட்டில் பிடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது உள்ளே பொன் துகள் மினுமினுத்தது. பளபளவென்று இருக்கிறதே, உள்ளே எல்லாம் சுத்தம் என்று சந்தோஷப்பட்டேன். அது பித்தளை. கியர் விழும்போது இரண்டு வேகங்களையும் ஒன்றாக்கிக் கொடுக்கிற சிங்க்ரோ ரிங்கின் சதை. ரிங் ஏற்கெனவே தேயத் தொடங்கிவிட்டது என்று அந்தத் தட்டு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்து ஆயில் ஊற்றும் பிளக். அது அசையவில்லை. இத்தனை வருஷ உப்பு அதை அங்கேயே பற்றவைத்திருந்தது. ஸ்பானரில் பைப்பைச் சொருகி மிதித்தேன். பிளக்கின் முனைகள் மழுங்கி உருண்டையாகிவிட்டன. ஊற்றுகிற வாய் திறக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் அடியில் வடிக்க வேண்டும். இது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பட்டறைப் பையனுக்குச் சொல்லித் தருவது. எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை, நான் யாரையும் கேட்கவும் இல்லை. கடைசியில் மேலே கியர் லீவரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் புனல் வைத்து ஊற்றினேன். அந்தப் பிளக் வாயில் ஆயில் வழிந்தால்தான் அளவு சரி என்று அர்த்தம், அதுவும் வண்டி சமமாக நிற்க வேண்டும். என் வண்டி சாய்ந்து நின்றது, பிளக்கும் திறக்கவில்லை. குத்துமதிப்பாக ஊற்றினேன்.

என்ன ஊற்றினேன் என்பதுதான் விஷயம். பின் அச்சிலிருக்கிற கிரவுனுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த 140 ஆயில் டப்பா மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. கியர் ஆயிலும் கிரவுன் ஆயிலும் ஒன்றுதானே, இரண்டும் பல்லுக்குத்தானே என்று முடிவு செய்தேன். டப்பாவில் ஜி.எல். 5 என்றும் புத்தகத்தில் 90 நம்பர், ஜி.எல். 4 என்றும் இருந்ததைப் பார்த்தேன். நம்பர் பெரியது என்றால் சத்தும் கூட என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். கிரவுனில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று பலமாக வழுக்கி இழுபடும். அந்த அழுத்தத்தைத் தாங்க ஜி.எல். 5இல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து அதிகம். சூடேறினால் அந்தக் கந்தகம் பித்தளையைத் தின்னும். இரும்புக்கு மருந்து, பித்தளைக்கு விஷம். 140இன் கெட்டித்தனம் இன்னொரு கேடு. ரிங் தனக்கும் கியரின் கூம்புக்கும் நடுவே இருக்கிற ஆயிலை வழித்துவிட்டுத்தான் பிடிக்க முடியும். தேன் மாதிரி ஆயிலை அது எப்போது வழிப்பது, எப்போது பிடிப்பது?

சரியான ஆயில் அன்றைக்கு ஏறக்குறைய 500 ரூபாய்க்குத் திண்டிவனத்தில் கிடைத்திருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஏற சோம்பல். வடித்த பழைய ஆயிலை வேலி ஓரம் கொட்டினேன். அந்த இடத்தில் அடுத்த வருஷமும் புல் முளைக்கவில்லை.

இப்போது டிரைவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சின்ன வயசில் லாரியில் கிளீனராக ஏறி, ஸ்டியரிங்குக்கு வந்தவர். வண்டி நிற்கிற நேரமெல்லாம் ஸ்டியரிங்மேல் பேப்பரை விரித்து ஒரு வரி விடாமல் படிப்பார். என்னைத் தம்பி என்பார். நான் அவரை அண்ணா, வாங்க, போங்க என்பேன். அன்று வரைக்கும்.

மார்கழி விடியலில் தொடங்கியது. “தம்பி, ரெண்டாவது கத்துது. காலைல சுத்தமா விழ மாட்டேங்குது. ஆயில் என்னா ஊத்துனீங்க?” நல்ல ஆயில்தான் என்றேன். பத்து நாள் கழித்து மறுபடி சொன்னார். குளிர் என்றேன். அதற்குப் பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டு வேறொன்று செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு முறை ரெண்டாவதுக்கு வரும்போதும் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி, காலை எடுத்து, மறுபடி மிதித்து கியர் போட்டார். மேலிருந்து கீழே இறக்கும்போது நடுவில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுவார். டபுள் கிளச். உலகத்தில் சிங்க்ரோ என்பது 1928இல் காடிலாக் காரில்தான் முதலில் வந்தது; அதற்கு முன்னால் எல்லா டிரைவருக்கும் இதுதான் பிழைப்பு. எங்கள் பக்கம் பழைய லாரி ஓட்டியவர்களுக்கு வெகுகாலம் வரை கால் பழக்கமே அதுதான். ரிங் செய்ய வேண்டிய வேலையை மனுஷன் காலாலும் காதாலும் செய்வது.

எனக்கு அது லாரிக்காரன் கெட்ட பழக்கமாகத் தெரிந்தது. 2017 ஆடியில் கிளச் வழுக்க ஆரம்பித்தது. சுமையும் வயசும் அதைத் தேய்த்திருக்கலாம். நான் அவரை வாசலில் நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கிற மாதிரி, “எத்தனை தடவ மிதிப்ப நீ? உன் கால்தான்யா பிளேட்ட தின்னுது” என்றேன். நீ என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததை அப்போதே கவனித்தேன். திரும்ப எடுக்கவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சம்பள நாளில் 3,000 குறைத்து எண்ணிக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமலே பையில் வைத்தார். தை பிறந்ததும் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு, “வேற எடம் பாத்துக்கிறேன் தம்பி. ரெண்டாவத அவசரப்பட்டுப் போடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானே ஓட்டினேன். மாசி மாதம், கோயம்பேட்டுக்குத் தர்பூசணி, இரண்டு டன்னுக்கும் மேல். அனுமதித்த பாரம் அதைவிடக் குறைவு. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆத்தூர் டோல்கேட்டில் சீட்டு வாங்கி, முதல் கியரில் கிளம்பி, பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்த அவசரத்தில் ரெண்டாவதை அழுத்தித் தள்ளினேன். கல் அரைக்கிற சத்தம், ஒரு முறிவு, அப்புறம் லீவர் எந்தப் பக்கமும் நகரவில்லை. ஓரத்துக்குத் தள்ளவே நாலு பேர் தேவைப்பட்டார்கள். விடிந்தபோது சாலையோரத்தில் கேட்ட விலைக்குப் பாதிப் பழத்தைக் கொடுத்தேன்; மீதி வேறு வண்டியில் போய் மதியச் சந்தையில் யாருக்கும் வேண்டாததாக நின்றது.

கட்டி இழுத்து வந்த வண்டியின் கியர் பாக்ஸைத் திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் பிரித்தார்கள். மெக்கானிக் ரெண்டாவது ரிங்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்பக்கத்து வரிகள் மழித்த மாதிரி வழவழவென்று இருந்தன. கியரின் சின்னப் பற்கள் கிழவர் வாய்போல. “இந்த ரிங்கு போய் ஒரு வருஷமாவது இருக்கும்ணா. ஓட்டினவரு டபுள் கிளச் போட்டே காப்பாத்திட்டு வந்திருக்காரு. இல்லன்னா போன வருஷமே பொட்டி காலி.” பிறகு விரலில் ஆயிலைத் தொட்டு முகர்ந்தார். அளவும் குறைச்சல் என்றார். “கிரவுன் ஆயில போய் இதுல யாருண்ணா ஊத்துனது?”

பட்டறையில் அப்போது ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

“டிரைவர்தான் ஊத்துனாரு” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. தானாக வந்தது. சம்பளத்தைப் பிடித்தபோதாவது எனக்கு உண்மை தெரியாது என்று சாக்குச் சொல்லலாம். இதற்கு அதுவும் இல்லை. அவர் காப்பாற்றிய பெட்டி என்று ஒருவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் தலையிலேயே போட்டேன். மெக்கானிக் என்னை ஒரு நொடி பார்த்தார். “அப்படியா” என்று சொல்லிவிட்டு வேலையில் குனிந்தார். பில் 23,400. கொடுத்தேன். ரிங்கை ஏனோ வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போதும் ஸ்பானர் டப்பாவில் கிடக்கிறது.

பட்டறையில் சொன்ன சொல் பட்டறையோடு நிற்குமா? லோடு வண்டி ஸ்டாண்டில் அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு வண்டிக்காரர் என்னிடமே கேட்டார்: “உன்கிட்ட இருந்தாரே, அவரு எங்கிட்ட வேலை கேட்டு வந்தாரு. கண்ட ஆயில ஊத்துறவருன்னாங்க, வேணாம்னுட்டேன். நெசந்தானே?” நான் தலையை ஆட்டினேனா, சும்மா நின்றேனா என்று இன்று சரியாக நினைவில்லை. மறுக்கவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது.

வண்டியை இப்போதும் வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் எஃப்.சி. காட்டுகிறேன். ஜி.எல். 4, 90 நம்பர் ஆயிலைக் கடையில் கேட்டு வாங்குகிறேன். ஊற்றும் பிளக்கை முதலில் திறக்கிறேன். உப்பு லோடு எடுத்தால் அன்றே அடியில் தண்ணீர் அடிக்கிறேன். டேப்பட்டுக்குக்கூட இப்போதெல்லாம் பட்டறைக்குத்தான் போகிறேன். வேறொரு பட்டறைக்கு.

போன மாசியில் மரக்காணம் கூட்டுரோட்டில் அவரைப் பார்த்தேன். முடி முழுக்க நரைத்துவிட்டது. யாருடைய உப்பு லோடோ ஓட்டிக்கொண்டு வந்து, டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடித்துவைத்தார். “வா தம்பி. வண்டி இருக்குதா? ரெண்டாவது இப்ப சுத்தமா விழுதா?”

“விழுதுண்ணா. ரிங்கு மாத்தியாச்சு.”

“ஆங், ரிங்குதான். நான் நெனச்சேன்.”

அன்றைக்குப் பழக்காசு வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் 3,000க்கு மேலேயே இருந்தது. மழை எப்படி, பழம் என்ன விலை என்று ஏதேதோ பேசினோம். என் கை பைக்குப் போவதற்குள் இரண்டு டீக்கும் அவர் காசு கொடுத்துவிட்டார்.